சுகர் மாத்திரையைக் குறைக்கலாமா, நிறுத்தலாமா? முழுமையான வழிகாட்டி

சர்க்கரையின் மூன்று மாத சராசரி 9-லிருந்து 6.3-க்கு இறங்கிய ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் சும்மா இருக்கத் தோன்றாது. ‘இனி மாத்திரை எதற்கு?’ என்ற கேள்வி உடனே வரும். ‘ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது’ என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ‘இன்றே தூக்கிப் போடுங்கள்’ என்று கத்தும் செல்போன் வீடியோ. இரண்டாம் வகை நீரிழிவைப் பொறுத்தவரை இரண்டு பேச்சும் சரியில்லை. மருந்தைக் குறைக்க முடிகிறவர்கள் உண்டு. முழுக்க நிறுத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. சர்க்கரை அளவு அருமையாக இருந்தும் நிறுத்தக் கூடாதவர்களும் உண்டு.

நீங்கள் இதில் எந்த வகை என்பது ஒரே கேள்வியில் தீராது. சீட்டில் நான்கு மருந்து இருந்தால் நான்கையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இன்றைக்கு இது என் உடம்பில் என்ன வேலை பார்க்கிறது, அந்த வேலை இன்னும் தேவையா? இந்த விசாரணைக்கான வரிசையைத்தான் கீழே கொடுத்திருக்கிறேன். முடிவை மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே நீங்கள் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

படி 1: உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அவர்களுக்கு இன்சுலின் உயிர் மருந்து. நிறுத்தினால் சில நாட்களுக்குள், சிலருக்கு ஒரே நாளில்கூட, ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகையும் உண்டு. ஒல்லியான உடம்பு, ஆரம்பித்த இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே மாத்திரை கேட்காமல் போய் இன்சுலின் தேவைப்பட்டது என்றால், இது இரண்டாம் வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன்டிபாடி, சி-பெப்டைடு பரிசோதனைகள் இதற்கு உதவும். நாள்பட்ட கணைய அழற்சி, கணையத்தில் கல் ஆகியவற்றால் வரும் சர்க்கரையும் வேறு கணக்கு. தென்னிந்தியாவில் அது அபூர்வமில்லை.

கர்ப்பிணிகள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், முன்பு கீட்டோஅசிடோசிஸ் (ரத்தம் அமிலமாதல்) வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இன்னும் காரணம் தெரியாமல் எடை இறங்குகிறவர்கள் — யாரும் இப்போது மருந்தில் கை வைக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது முக்கியம். டயட் இல்லை, நடைப்பயிற்சி இல்லை, ஆனாலும் பேன்ட் தளர்கிறது என்றால் அதைக் கொண்டாடக் கூடாது; ஏன் என்று தேட வேண்டும்.

படி 2: சீட்டை விரித்துவைத்து ஒவ்வொரு மருந்தாகப் படியுங்கள்

மாத்திரை அட்டையின் பின்புறம் பிராண்டு பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். தேவைப்படுவது அதுதான். ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்து விற்பது சகஜம். ‘நான் ஒரு மாத்திரைதான் போடுகிறேன்’ என்கிறவர் உண்மையில் மூன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மெட்ஃபார்மின். பெரும்பாலான சீட்டுகளில் முதலில் இருப்பது இதுதான். கல்லீரல் ராத்திரியில் அளவுக்கு மீறிச் சர்க்கரையை வெளியே விடுவதை அடக்கும். தனியாகச் சாப்பிட்டால் லோ சுகர் வருவது மிக அரிது, விலையும் குறைவு. அதனால்தான் மருந்துகளைக் கழிக்கும்போது இது வழக்கமாகக் கடைசியில் போகும். ‘மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும்’ என்று ஊர் முழுக்கப் பேச்சு. பயந்து பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் உடம்பில் தங்கிவிடும். அதனால் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். இந்த ‘நிறுத்துவார்கள்’ என்பதைத்தான் ஊர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது. மெட்ஃபார்மின் உண்மையிலேயே தரக்கூடிய தொல்லைகள் வயிற்றுப்போக்கும், பல ஆண்டுகள் சாப்பிட்டால் வரக்கூடிய பி12 குறைவும். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரையையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் பி12-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு. இவை சல்ஃபோனைல்யூரியா குடும்பம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் கணையத்தைத் தட்டி இன்சுலினை விடச் சொல்லும். நீங்கள் சாப்பாட்டைக் குறைத்தாலும் அது தன் வேலையைக் குறைக்காது. எடை குறைந்தவர்களுக்கும், இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும் லோ சுகரைக் கொண்டுவருவது இதுதான். குறைக்க வேண்டிய பட்டியலில் இன்சுலினுக்குப் பக்கத்தில் முதல் இடம் இதற்கு. கிளிபென்கிளமைடை முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது என்பது வெகுகாலமாகச் சொல்லப்படுவது. அப்பாவின் டப்பாவில் அது இருந்தால் அடுத்த செக்கப்பில் மறக்காமல் கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள். சர்க்கரைக்கென்று வந்தவை, ஆனால் 2015-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் இதயச் செயலிழப்பையும் சிறுநீரகச் சரிவையும் தடுப்பது தெரியவந்தது. இப்போது சர்க்கரையே இல்லாத இதய நோயாளிகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் மூன்று மாத சராசரி 6-க்கு வந்துவிட்டாலும், இதயத்துக்காகவோ சிறுநீரில் புரதம் போவதற்காகவோ இதை எழுதியிருந்தால், அதன் வேலை முடியவில்லை. தப்பான காரணத்துக்காக நிறுத்தப்படும் மருந்துகளில் இதுவே முதன்மையானது என்பது என் எண்ணம்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின். சாதுவானவை. லோ சுகர் தருவது அரிது, குறைக்கும் அளவும் மிதமானதுதான். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தனியாகப் பாதுகாப்பு தருவதாக நிரூபணமில்லை. சர்க்கரை நன்றாக இருக்கும்போது, ‘இது இன்னும் வேண்டுமா?’ என்று தயங்காமல் கேட்கலாம்.

பயோகிளிட்டசோன் எடையையும் கால் வீக்கத்தையும் கூட்டக்கூடியது; இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வாக்லிபோஸ் சாப்பாட்டு மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, படி 7-இல் வரும்.

செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற எடை குறைக்கும் ஊசிகள் தனி ரகம். இவற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது வரும் நல்ல ரிப்போர்ட் ஊசியின் ரிப்போர்ட். நீரிழிவு இல்லாதவர்களிடம் செமாகுளூடைடை நிறுத்திப் பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது. நிறுத்துவதற்கு முன் பசியை எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள் என்று ஒரு திட்டம் வேண்டும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினும் பலருடைய மனசில் ‘சுகர் மாத்திரை’ கணக்கில்தான் கிடக்கிறது. அதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை. அதைத் தொடாதீர்கள்.

படி 3: சர்க்கரை ஏன் இறங்கியது?

ரிப்போர்ட்டில் நல்ல எண் வந்தால் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும், ஏனென்றால் இதற்கு நான்கு பதில்கள் உண்டு. ஒன்றுதான் உண்மையான நல்ல செய்தி.

முதலாவது, எடை குறைந்து, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்து, உடம்பே சர்க்கரையைச் சமாளிக்கத் தொடங்கியது. மருந்தைக் குறைக்க இதைவிடச் சரியான நேரம் கிடையாது. இரண்டாவது, மருந்து ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். எடை அதேதான், இடுப்பளவு அதேதான், சாப்பாடும் அதேதான். மூன்று மருந்தின் தயவில் 6.4 வந்திருக்கிறது. இவர் மருந்தை விட்டால் சில வாரங்களில் பழைய எண்ணுக்கே போவார். கூரை ஒழுகவில்லை என்பதற்காக ஓட்டைப் பிரித்துப் பார்க்கிற கதை அது.

மூன்றாவது பயமுறுத்துவது. இருபது ஆண்டு சர்க்கரை, முதலில் ஏறியே கிடந்தது, இப்போது தானாகவே இறங்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் ‘சுகர் சரியாயிடுச்சு’ என்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகும்போது இன்சுலினும் சில மாத்திரைகளும் உடம்பைவிட்டு வெளியேறத் தாமதமாகும், பசியும் குறையும். அதனால் சர்க்கரை இறங்கும். குணமானதால் வந்த இறக்கமில்லை இது. சிக்கல் அடுத்த கட்டத்துக்குப் போனதன் அடையாளம். இங்கேயும் மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும், உடனே குறைக்க வேண்டும். ஆனால் சந்தோஷத்தில் வீட்டிலேயே குறைத்துக்கொள்ளாமல், கிரியாட்டினின், இ-ஜிஎஃப்ஆர், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் முறையில் குறைக்க வேண்டும்.

நான்காவது, எண்ணே பொய் சொல்கிறது.

படி 4: எண்ணை நம்புவதற்கு முன்

சோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் காட்டுவது நம் குடும்பங்களில் பழைய வழக்கம். எச்பிஏ1சி என்னும் மூன்று மாத சராசரியிடம் அந்த வித்தை பலிக்காது. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அது எண்ணுகிறது. 6 என்றால் சராசரி சுமார் 126 மி.கி., 7 என்றால் 154, 8 என்றால் 183.

ஆனால் சிவப்பணுக்களே கோளாறாக இருந்தால் இந்தக் கணக்கும் கோளாறுதான். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, நிறைய ரத்தம் போயிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ, சிறுநீரக நோய்க்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி போட்டாலோ குறைவாகக் காட்டலாம். நம் ஊர்ப் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே மருந்தை மாற்றும் முடிவுக்கு முன் ஹீமோகுளோபினையும் பாருங்கள். குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் இரண்டு வாரம் எடுத்த அளவுகளை ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

படி 5: நிறுத்தும் வாய்ப்பு உங்களுக்கு எவ்வளவு?

அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டன் நீரிழிவு அமைப்புகள் கூடி 2021-இல் ஒரு வரையறையை வெளியிட்டன. எல்லா சர்க்கரை மருந்தையும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதமான பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது ‘ரெமிஷன்’, அதாவது நோய் அடங்கியிருக்கும் நிலை. மருந்தோடு 6.2 என்பது இந்தக் கணக்கில் வராது. ‘குணமாகிவிட்டது’ என்ற சொல்லை அவர்கள் தவிர்த்தது வேண்டுமென்றேதான்.

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு பிரிட்டனின் ‘டைரெக்ட்’. கிளாஸ்கோவின் மைக் லீன், நியூகாசிலின் ராய் டெய்லர் இருவரும் நடத்தியது. நோய் வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத, கூடுதல் எடையோ பருமனோ உள்ள 298 பேர். அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டும் உள்ள பானம் கொடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்லச் சாப்பாட்டுக்குத் திருப்பினார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலேயே நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் விட்ட மீதிப் பாதியில் அது 4 சதவீதம். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம், 5 முதல் 10 கிலோ குறைத்தவர்களில் 34 சதவீதம், எடை ஏறியவர்களில் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆனது. தொடர்ந்து கண்காணித்த குழுவில் ஐந்தாம் ஆண்டில் 13.

இந்த எண்களில் கடைசி இரண்டையும் வீடியோக்கள் சொல்வதில்லை. முதல் எண்ணை மருத்துவர்களில் பலர் சொல்வதில்லை. இரண்டு தரப்பிலும் எனக்கு வருத்தம் உண்டு.

‘நான் குண்டே இல்லையே, எதைக் குறைப்பது?’ என்று நம்மவர்கள் கேட்பது நியாயம். நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கணக்கிடுகிறார்கள். டெய்லர் குழு பி.எம்.ஐ. 27-க்குக் கீழே உள்ள 20 பேரிடம் செய்த ‘ரீட்யூன்’ ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீத அளவுக்குக் குறைத்ததில் 14 பேருக்கு நோய் அடங்கியது. சின்ன ஆய்வுதான். ஆனால் தொப்பை மட்டும் உள்ள 68 கிலோக்காரருக்கு ஆறேழு கிலோவே பெரிய மாற்றத்தைத் தரக்கூடும் என்ற நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. அதே சமயம் ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவர் இன்னும் பட்டினி கிடந்து தசையை இழப்பது விபரீதம்.

மொத்தத்தில் வாய்ப்பு கூடுதலாக இருப்பது: நோய் வந்து ஐந்தாறு ஆண்டுக்குள் இருப்பவர்கள், ஒன்றிரண்டு மாத்திரையில் இருப்பவர்கள், எடையைக் கணிசமாகக் குறைத்தவர்கள். பதினைந்து ஆண்டு சர்க்கரை, பல ஆண்டு இன்சுலின் என்றால் முழுக்க நிறுத்துவது கடினம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அதற்குள் நிறைய ஓய்ந்துபோயிருக்கும். ஆனாலும் அவர்களுக்கும் குறைப்பது என்ற வழி திறந்தே இருக்கிறது. நாற்பது யூனிட்டிலிருந்து இருபதுக்கு வருவதும் சாதனைதான். அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

படி 6: வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால்

இதுவரை சொன்னது, உடம்பு தேறியதால் மருந்தைக் குறைப்பது. முதியவர்களுக்கு உடம்பு தேறாவிட்டாலும் மருந்தைக் குறைக்க வேண்டி வரும், காரணம் பாதுகாப்பு.

சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்துவதன் பலன், கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பது, கைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அதன் ஆபத்தான லோ சுகர் இன்று இரவே வரலாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மூன்று மாத சராசரி 6.1 என்பதில் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில் எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் இறப்பு கூடியதால், அந்தப் பகுதியை 2008-இல் பாதியில் நிறுத்தினார்கள்.

நல்ல திடகாத்திரமான முதியவருக்கு 7 முதல் 7.5 வரை போதும். பல நோய்கள், ஞாபக மறதி, தனியாக எழுந்து நடக்க முடியாத நிலை என்றால் 8 வரை ஒத்துக்கொள்ளலாம் என்பதே இன்றைய அணுகுமுறை. கிளிமிபிரைடோ இன்சுலினோ போட்டுக்கொண்டு எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருக்கும் 75 வயதுக்காரரை ‘சூப்பர் கன்ட்ரோல்’ என்று தட்டிக்கொடுக்காமல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பாட்டி சாயங்காலமானால் எரிந்து விழுகிறார், பேச்சு குழறுகிறது, விடியற்காலையில் நைட்டி நனைய வேர்க்கிறது என்றால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பாருங்கள். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமலே சர்க்கரை இறங்கலாம். வேர்வை மட்டும்தான் துப்பு.

படி 7: மருத்துவரிடம் பேசி, குறைக்கத் தொடங்குங்கள்

நூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் உங்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. ‘மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்?’ என்றால் ‘கூடாது’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். மருந்துப் பட்டியல், இரண்டு வார அளவுகள், எடை எவ்வளவு குறைந்தது, எப்போதாவது 70-க்குக் கீழே போனதா என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய், ‘எடை ஏழு கிலோ குறைஞ்சிருக்கு, வெறும் வயித்துல 90-ஐத் தாண்டல. இதுல எதை முதல்ல குறைக்கலாம்?’ என்று கேளுங்கள். பதில் வேறுமாதிரி வரும். ‘இதயத்துக்கோ கிட்னிக்கோ கொடுத்தது இதுல எது?’ என்று அடுத்த கேள்வி. ‘எந்த எண்ணுக்கு மேல போனா உங்ககிட்ட வரணும்?’ என்பது மூன்றாவது.

வழக்கமான வரிசை இது: லோ சுகர் தரக்கூடிய சல்ஃபோனைல்யூரியாவும் இன்சுலினும் முதலில், மெட்ஃபார்மின் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். இரண்டையும் சேர்த்து விட்டுவிட்டுச் சர்க்கரை ஏறினால் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. டைரெக்ட் ஆய்வில் ஒரே நாளில் நிறுத்தினார்களே என்றால், அவர்கள் அன்றே 850 கலோரிக்கு வந்துவிட்டார்கள், கண்காணிக்கவும் ஆள் இருந்தது. இன்றைக்கே கடுமையான டயட் தொடங்கப் போகிறீர்கள் என்றால் இன்சுலினையும் சல்ஃபோனைல்யூரியாவையும் அதற்கு முன்பே குறைக்க வேண்டியிருக்கும். டயட்டைத் தொடங்குவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள், மயக்கம் போட்ட பிறகு வேண்டாம். டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்கள் சோறே தொடாத டயட்டில் இறங்கினால் சர்க்கரை ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. பிரஷர் மாத்திரையின் பழைய அளவும் எடை குறையக் குறைய உடம்புக்கு அதிகமாகிப் போகும். எழுந்தால் கண் இருட்டினால் அதையும் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குறைப்பது நம் கைவைத்தியம். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டியது. கேட்காமல் உடைக்கவோ நசுக்கவோ கூடாது. கூட்டு மாத்திரை என்றால் குறைந்த அளவுள்ள வேறு மாத்திரையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

குறைத்த முதல் இரண்டு வாரம் தினமும் வெறும் வயிற்றிலும், ஏதாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய எண் முதலில் ஏறுவது உண்டு. கல்யாண வீட்டுக்கு மறுநாள் வந்த ஒரே ஒரு 190-க்குப் பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றில் 126-ஐத் தாண்டியே நிற்கிறது என்றால் போன் செய்யுங்கள். 250-ஐத் தாண்டிக்கொண்டே போகிறது, தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி என்றால் அன்றைக்கே போங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் மூன்று மாதத்தில் எச்பிஏ1சி, அதைப் பார்த்து அடுத்த மருந்து.

இந்த வாரங்களில் லோ சுகர் வந்தால் — 70-க்குக் கீழே — மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வாக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இது சரிவராது. அந்த மருந்து சீனிச் சர்க்கரை உடைவதைத் தடுப்பதால் சர்க்கரைத் தண்ணீர் தாமதமாகத்தான் ஏறும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடரே வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சல்ஃபோனைல்யூரியாவால் வந்த லோ சுகரில், சர்க்கரை ஏறிவிட்டுச் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். முதியவரை அன்றிரவு தனியாக விடக் கூடாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், அளவு குறைந்ததை வரும் பணியாளரிடம் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். இல்லாவிட்டால் மாதாமாதம் பழைய கணக்கில் வந்து குவியும், வீட்டில் யாராவது பழைய மாதிரியே எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: மாத்திரையை விட்டுவிட்டு ‘மூலிகைப் பொடி’க்கு மாறி சர்க்கரை அற்புதமாக இறங்குகிறது என்றால், பொடிக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. விட்ட மாத்திரையையே அளவு தெரியாமல் தின்றுகொண்டிருப்பீர்கள்.

படி 8: நிறுத்திய பிறகு

முழுக்க நிறுத்தியாயிற்று, மூன்று மாதம் கழித்தும் 6.5-க்குக் கீழே. நல்லது. முதல் ஆண்டில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் எச்பிஏ1சி பாருங்கள். விழித்திரை, பாதம், சிறுநீர்ப் புரதம் ஆகிய சோதனைகளை நிறுத்தவே கூடாது. சர்க்கரை ஏறியிருந்த பழைய ஆண்டுகளின் சேதம் பின்னால் தலைகாட்டும். சர்க்கரை மிக வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை தற்காலிகமாக மோசமாவதும் உண்டு. அதனால் பெரிய டயட்டுக்கு முன்னாலேயே கண் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காய்ச்சல், அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு ஊசி, பெரிய துக்கம் — எது வந்தாலும் சர்க்கரை ஏறலாம். அந்த நேரத்தில் மாத்திரையோ இன்சுலினோ சில வாரங்களுக்குத் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி குறைக்கலாம்.

எடைதான் முன்கூட்டியே சொல்லும். வாரம் ஒருநாள் காலையில் எடையை எழுதிவையுங்கள். மூன்று நான்கு கிலோ திரும்பி ஏறிவிட்டால் எச்பிஏ1சி சொல்லும்வரை காத்திருக்காமல் சாப்பாட்டை அப்போதே இறுக்குங்கள்.

சிலருக்கு எடை ஏறாமலேயே சர்க்கரை திரும்பும். ஆண்டுகள் போகப் போகக் கணையம் தளர்வது உங்கள் கட்டுப்பாட்டில் முழுக்க இல்லை. அப்போது மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு ஓராண்டு ஒளிந்துகொள்கிறவர்கள்தான் உண்மையில் நஷ்டப்படுகிறார்கள். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், நோயின் தொடக்க ஆண்டுகளில் சர்க்கரையை நன்றாக வைத்திருந்தவர்களுக்கு அதன் பலன் பத்தாண்டு கழித்தும் நீடித்தது 2008-இல் தெரியவந்தது. மருந்தில்லாமல் நன்றாக இருந்த மூன்று ஆண்டும் அந்தக் கணக்கில் உங்கள் பக்கம்தான் சேரும்.

திரும்பத் தொடங்கும்போது அலமாரியில் கிடக்கும் பழைய அட்டையைத் தேடி எடுக்காதீர்கள். அது, உதாரணமாக, நீங்கள் 82 கிலோவாக இருந்தபோது எழுதிக் கொடுத்த அளவு. இப்போது நீங்கள் 70 கிலோ. பெரும்பாலும் ஒரே ஒரு மெட்ஃபார்மினில் தொடங்கினால் போதும். பழைய கிளிமிபிரைடு மிச்சம் இருந்தால் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ கேட்டு அப்புறப்படுத்திவிடுங்கள்.